வாவிக்கரையில் வியூகக் கல்வி: மட்டக்களப்பும் கூடைப்பந்தாட்டமும்

விளையாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வெற்றிக் கிண்ணங்களையும் அணித் தலைவர்தம் பெயர்களையும் ஆண்டு வரிசையில் அடுக்குவதோடு அமைந்துவிடுகின்றனர். எந்த ஆண்டில் எந்தக் கல்லூரி வென்றது என்பது அவ்வரிசையால் தெரியவருகின்றது. வெல்வதற்கு அவ்வணி எதனைக் கற்றது, கற்பித்தவர் யார், கற்பித்த முறை யாது என்பன தெரியவருவதில்லை. கிண்ணம் கண்ணாடிப் பேழையுள் இருக்கும். கல்வி கண்ணுக்குப் புலனாகாது. ஆயினும் ஒரு விளையாட்டு ஓர் ஊரில் வேரூன்றுவதற்குக் காரணமாவது இரண்டாவதேயன்றி முதலாவதன்று. மட்டக்களப்பு வாவியின் கரையிலே கூடைப்பந்தாட்டம் வேரூன்றிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஓர் அணியினர் களத்தில் எவரெவர் எங்கெங்கு நிற்பது, பந்து எவ்வழியே கைமாறுவது, பந்தில்லாதவன் எத்திசையில் ஓடுவது என முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் ஒழுங்கினை வியூகம் எனல் பொருந்தும். இச்சொல் மட்டக்களப்பு மக்களுக்குப் புதியதன்று. பாண்டிருப்பிலே திரௌபதியம்மனுக்குப் பாரதக் கதை தழுவிய பெருவிழா எடுக்கும் நாடு அது. துரோணர் வகுத்த சக்கர வியூகத்தினுள் புகும் வழியறிந்து, மீளும் வழியறியாது மடிந்த அபிமன்னன் கதையை அங்கே சிறுவரும் அறிவர். அக்கதையைக் கல்விக் கண்கொண்டு நோக்கின் பிறிதொன்று புலப்படும். அபிமன்னனிடம் வீரக் குறைவில்லை. பாடம் பாதியில் நின்றமையே குறை. வியூகம் வகுப்பது ஒரு கலை. அதனை முழுமையாகக் கற்பித்து முடிப்பது வேறொரு கலை.

கூடைப்பந்தாட்டம் தோன்றிய காலத்தில் இவ்விரு கலைகளுமே அதற்கு வேண்டப்படவில்லை. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியிலே, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆடுதற்கென இவ்வாட்டத்தை வகுத்தார். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டு, உதைபந்து ஒன்று, விதிகள் பதின்மூன்று. அணிக்கு ஒன்பதின்மராக ஆடிய முதலாட்டத்தில் ஒரே ஒருமுறைதான் பந்து கூடைக்குள் வீழ்ந்தது. அவ்விதிகளுள் ஒன்று பிற்கால வரலாறு முழுவதையும் தன்னுள் கொண்டிருந்தது எனலாம். பந்தைக் கையிற் கொண்டவன் ஓடுதல் கூடாது என்பதே அது. ஓட இயலாதவன் பிறனுக்கு எறிந்தாக வேண்டும். எறிவதாயின் பெறுவோன் ஒருவன் தக்க இடத்தில் நின்றாக வேண்டும். அவன் எங்கு நிற்பது என்ற வினா எழுந்தபோதே வியூகத்தின் தேவையும் பிறந்துவிட்டது.

ஆயினும் நெய்ஸ்மித் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. இவ்வாட்டம் ஆடுதற்குரியதேயன்றிப் பயிற்றுதற்குரியதன்று என்பது அவர் கருத்து. கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு 1898 முதல் 1907 வரை அவரே பொறுப்பாயிருந்தார். அக்காலத்தில் அவ்வணி 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது. ஆட்டத்தைப் படைத்தவரே வெற்றியிலும் தோல்வியை மிகுதியாகக் கண்டார் என்பது வேடிக்கையன்று. அவரது மாணாக்கர் பொக் அலன் ஆசிரியரின் கூற்றை மறுத்து, பயிற்றுநர் என்னும் தொழிலையே ஒரு துறையாக நிலைநாட்டினார். அலனிடம் பயின்ற அடொல்ப் ரப் கென்ரக்கியிலும், டீன் சிமித் வட கரோலினாவிலும் தலைசிறந்த அணிகளை உருவாக்கினர். நெய்ஸ்மித்திடம் கன்சாசில் கற்ற மற்றொருவர் ஜோன் மக்லெண்டன். கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் அப்பல்கலைக்கழக அணியில் ஆடும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. ஆட இடம்பெறாத அவரே விரைவுத் தாக்குதலையும், களம் முழுவதும் எதிரியை நெருக்கும் முறையையும் வளர்த்தவர்களுள் முன்னணியில் வைத்தெண்ணப்படுகின்றார். இசைக்கும் கூத்துக்கும் உள்ளதுபோன்ற ஆசிரிய மாணாக்க மரபு ஒன்று இவ்வாட்டத்துக்கும் உண்டு என்பதை இப்பெயர்கள் உணர்த்தும்.

வியூகம் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். களத்தில் ஐவர். பந்தைக் கொண்டு வருபவன் ஒருவன், இரு சிறகுகளிலும் நிற்போர் இருவர், கூடையருகே நிற்போர் இருவர் என்பது பழகிய அமைப்பு. கொடுத்துவிட்டு ஓடி மீள வாங்குதல் மிக எளிய வியூகம். இதற்கு இருவர் போதும். தன் தோழனைக் காப்பவனின் வழியில் அசையாது நின்று மறித்து, தோழனுக்கு ஒரு கணம் வெளி உண்டாக்கிக் கொடுத்தல் அடுத்தது. மறித்தவன் உடனே திரும்பிக் கூடையை நோக்கி ஓடின், அது மூன்றாவதாகின்றது. காப்பிலும் இருவகையுண்டு. ஆளுக்கு ஆள் நின்று காப்பது ஒன்று. ஆளை விடுத்து இடத்தைக் காப்பது மற்றொன்று. இடக்காப்பில் முன்னால் இருவரும் பின்னால் மூவருமாக நிற்பது பெருவழக்கு. எதிரணி எக்காப்பில் நிற்கின்றது என்பதறியாது தாக்குதல் வியூகத்தைத் தொடங்குதல், பூட்டைக் காணாது திறவுகோல் செய்வதை ஒக்கும்.

வகுத்தல் ஒருநாள் வேலை. பயிற்றுதல் ஓராண்டு வேலை. நல்ல பயிற்றுநர் முதலில் கரும்பலகையில் வரைகின்றார். பின்னர் ஐவரையும் களத்தில் நிறுத்திப் பந்தின்றியே நடக்கச் செய்கின்றார். அடுத்துப் பந்துடன் நடை. அதன்பின் எதிரியின்றி ஓட்டம். அதன்பின் கையைத் தொங்கவிட்டு நிற்கும் எதிரிகள். இறுதியிலேதான் மெய்யான எதிர்ப்பு. ஒவ்வொரு வியூகத்துக்கும் ஒரு பெயரோ எண்ணோ உண்டு. பந்து கொண்டுவருபவன் விரலைக் காட்டினாலும் சொல்லை உரைத்தாலும் ஐவர் மனத்திலும் ஒரே படம் எழவேண்டும். நால்வர் மனத்தில் எழுந்து ஐந்தாமவன் மனத்தில் எழாவிடின் பந்து ஆளில்லா இடத்திற்குப் போய்ச்சேரும். ஆதலின் வியூகங்கள் சிலவாயிருத்தலே சிறப்பு. முப்பது வியூகங்களை அரைகுறையாக அறிந்த அணியை ஐந்தினை முற்றக் கற்ற அணி வெல்லும் என்பது பயிற்றுநர் பலர் கொண்ட முடிபு.

வியூகம் எல்லை கடந்து ஆட்டத்தையே விழுங்கிய காலமும் உண்டு. 1950 நவம்பரில் அமெரிக்கத் தொழில்முறை அணிகள் இரண்டு ஆடிய ஓர் ஆட்டம் 19க்கு 18 என முடிந்தது. எறிய வேண்டியவர்கள் எறியாது பந்தைக் கைமாற்றிக்கொண்டே காலத்தைக் கழித்தமையே காரணம். 1954இல் அங்கே 24 விநாடி விதியும், 1956இல் பன்னாட்டு ஆட்டங்களில் 30 விநாடி விதியும் வந்தன. பயிற்றுநர் வியூகம் வகுப்பதும், விதி வகுப்போர் அதனை முறியடிப்பதும் இவ்வாட்டத்தின் வரலாற்றில் ஒரு நெடும் வழக்காகவே அமைந்துள்ளன.

தென்னாசியாவுக்கு இவ்வாட்டத்தைக் கொணர்ந்தவற்றுள் வாலிபர் சங்கமே முதன்மையானது. 1920இல் ஹரி குரோ பக் என்பவர் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரி இதில் பெரும்பங்கு கொண்டது. மட்டக்களப்பைப் பொறுத்தவரை வேறொரு வழியும் உண்டு. திருக்கோணமலை மறைமாவட்டத்தில் முதலில் பணிபுரிந்த இயேசு சபையினர் பிரான்சு நாட்டவர். பின்னர் அப்பணி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையினரிடம் சென்றது. அச்சபையைச் சேர்ந்த இக்னேசியஸ் கிளெனி 1947இல் ஆயரானார். பிரெஞ்சுத் துறவியருக்குப் பின் அமெரிக்கத் துறவியர் வந்தமை சமய வரலாற்றில் ஒரு நிர்வாக மாற்றம் மட்டுமே. விளையாட்டு வரலாற்றிலோ அது ஒரு திருப்பமாயிற்று.

ஏனெனில், அக்காலத்தில் அமெரிக்க இயேசு சபைக் கல்லூரிகளில் கூடைப்பந்தாட்டம் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்திருந்தது. நியூ ஓர்லியன்ஸ் நகரில் அச்சபையினர் நடத்தும் லொயோலா பல்கலைக்கழக அணி 1945இல் சிறிய கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்றது. நெய்ஸ்மித்தின் மசச்சூசெற்சிலேயே உள்ள இயேசு சபையினரின் ஹோலி குரொஸ் கல்லூரி 1947இல் பல்கலைக்கழகங்களின் தேசியப் பட்டத்தைப் பெற்றது. 1948இல் இலங்கைக்கு வந்த இளந்துறவியர் இத்தகைய சூழலிலிருந்தே புறப்பட்டனர். அவர்களுள் லூசியானா மாநிலத்தின் ஜெனிங்ஸ் என்னும் ஊரில் 1923இல் பிறந்த யூஜின் ஜோன் ஹெபர்ட் ஒருவர். அவருடன் வந்த பென்ஜமின் ஹென்றி மில்லர் மற்றொருவர். மில்லர் பிற்காலத்தில் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியின் அதிபராக விளங்கினார். ஹெபர்ட் திருக்கோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றி, கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகப் புகழ்பெற்றார். அகில இலங்கைப் பாடசாலை ஆட்டக்களத்தில் இவ்விரு கிழக்கிலங்கைக் கல்லூரிகளும் பெயர்பெற்றமைக்கு அவரது உழைப்பு முதற்காரணமாகக் கொள்ளப்படுகின்றது. அதே சபையைச் சேர்ந்த வண. பிதா வெபர் அவர்களின் பெயரை மட்டக்களப்பின் பொது விளையாட்டரங்கு தாங்கி நிற்கின்றது.

1873ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்ட மிக்கேல் கல்லூரி, வாவி சூழ்ந்த புளியந்தீவில் உள்ளது. 1814இல் மெதடிஸ்த சபையினர் தொடங்கிய மத்திய கல்லூரியும் அதே தீவில்தான். கூடைப்பந்தாட்டத்துக்கு வேண்டும் இடம் உதைபந்தாட்டத்துக்கு வேண்டுவதிற் பதினைந்தில் ஒரு பங்குதானும் இல்லை. நிலம் சுருங்கிய தீவொன்றிலே இது சிறிய நன்மையன்று. மேலை நாட்டில் பனிக்கு அஞ்சி உள்ளரங்கில் பிறந்த ஆட்டம் இங்கே வெயிலுக்கு ஒதுங்கி மாலையில் வெளியரங்கில் ஆடப்பட்டது. கார்த்திகை தொடங்கிப் பெய்யும் வாடைக்காற்று மழை அதற்கு ஓய்வு கொடுத்தது. வெளியரங்கு இவ்வாட்டத்துக்கு இழுக்கன்று; 1936இல் பேர்லின் ஒலிம்பிக் இறுதியாட்டமே திறந்த வெளியில், மழையில், சேற்றில் நடைபெற்றது.

அணியாகப் பிரிந்து நின்று பொருதலும், உடலசைவை ஒழுங்குபடக் கற்றலும் மட்டக்களப்புக்கு அமெரிக்கத் துறவியர் கொணர்ந்த புதுமைகள் என்று எண்ணுதல் தவறாகும். கண்ணகி வழிபாட்டோடு பிணைந்த கொம்புமுறி விளையாட்டிலே ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இருவாரமாகப் பிரியும். கோவலன் சார்பினது ஒன்று. கண்ணகி சார்பினது மற்றொன்று. வளைந்த வலிய மரக்கொம்புகள் இரண்டைக் கொளுவி, கயிறு பிணித்து, ஒன்று முறியும் வரை இழுப்பர். சிங்கள மக்களிடை அங்கெலிய எனப் பத்தினித் தெய்வத்துக்கு ஆடப்படுவதும் இதுவே; கண்டி நாட்டில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளிவந்த தம் நூலில் இத்தகைய ஆட்டத்தைக் குறித்துள்ளார். எம்மரத்தின் எக்கிளையைத் தெரிவது, கொம்பை எவ்வாறு பொருத்துவது என்பன அவ்வவ் வாரத்தாரின் அறிவு. அவ்வறிவு பரம்பரையாக வருவது, எதிர்வாரத்தார்க்கு உரைக்கப்படாதது. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ போன்ற நூல்களால் இவ்வழக்குகள் ஏட்டிலேனும் நிலைத்தன.

கற்பித்தல் முறைக்கு இன்னும் நெருங்கிய ஒப்புமை கூத்திலே உண்டு. மட்டக்களப்பில் அண்ணாவியார் முதலில் ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் அவனுக்குரிய பகுதியை எழுதிக் கொடுப்பார். இது சட்டங் கொடுத்தல் எனப்படும். பின்னர் மத்தளத்தின் தாளத்துக்கு அடி எடுத்துவைக்கப் பழக்குவார். மாதக்கணக்கில் நிகழும் இப்பழக்கம் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்னும் கட்டங்களைக் கடந்தே அரங்கேற்றத்தை அடையும். வட்டக்களரியில் ஒருவன் அடி பிசகின் அடுத்தவன் ஆட்டமும் கெடும். எழுதிய சட்டம் கையில் இருப்பினும், அது காலுக்கு இறங்கும் வரை கூத்தாகாது. பகுதியைக் கொடுத்தல், மெல்ல நடத்துதல், தாளத்தைக் கூட்டுதல், முழுமையாக ஆடிப்பார்த்தல் என்னும் வரிசை, கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் கைக்கொள்ளும் வரிசையோடு பெரிதும் ஒத்திருத்தல் நோக்கற்பாலது. இவ்வொற்றுமைக்கு ஒன்றிலிருந்து ஒன்று கடன்பெற்றமை காரணமன்று. பலர் உடல்களை ஒரே ஒழுங்கில் இயங்கச் செய்ய விழைவோர் எந்நாட்டவராயினும் இவ்வழிக்கே வந்து சேர்கின்றனர்.

வேற்றுமை ஒன்றும் உண்டு, அது பெரிது. கொம்புமுறியில் வாரம் கலைவதில்லை. கூத்தில் அண்ணாவியார் ஊரிலேயே இருப்பார். ஆடியவர்களும் ஊரிலேயே இருப்பர். பாடசாலை அணியோ ஆண்டுதோறும் கலைவது. ஒரு மாணவன் வியூகம் முழுவதையும் கற்றுத் தேர்ந்து, காண்பவர் வியக்க ஆடத்தொடங்கும் வேளையில் அவனுடைய இறுதிப் பரீட்சை வந்துவிடுகின்றது. பயிற்றுநர் மறுபடியும் கரும்பலகையிலிருந்து தொடங்க வேண்டும். இக்குறையைத் தீர்க்கும் வழி இளையோர் அணியை மூத்தோர் அணியோடு பொருதவிடுதலும், விட்டுச்சென்ற பழைய மாணவரை மாலையிற் களத்துக்கு அழைத்தலுமேயாம். அண்ணன் ஆடிய வியூகத்தைத் தம்பி, தான் அணியிற் சேருமுன்பே, களத்தோரத்தில் நின்று கண்ணாற் கற்றுக்கொள்கின்றான். ஒரு கல்லூரி சில ஆண்டுகள் வென்று மறைவதற்கும், தலைமுறை தலைமுறையாக நின்று நிலைப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கேயே பிறக்கின்றது.

கூடைப்பந்தாட்டம் நெடியோருக்கே உரியது என்ற கருத்து பரவலாக உண்டு. வளையம் நிலத்திலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அதில் ஓரளவு உண்மையுமுண்டு. ஆயினும் நெடியோன் ஒருவனை வைத்துக்கொண்டு அவனிடம் பந்தைச் சேர்க்கத் தெரியாத அணி பயனடையாது. கூடைப்பந்தாட்டத்தின் கிளையாகிய வலைப்பந்தாட்டத்தில் இதற்குச் சான்று உண்டு. யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம் உலகின் மிக உயரமான வீராங்கனைகளுள் ஒருவர். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியப் பட்டத்தை வென்றபோது அவர் உயரம் துணைநின்றது உண்மை. ஆனால் எதிரியின் கைக்கெட்டாத உயரத்தில், அவர் கைக்கு மட்டும் எட்டுமாறு பந்தை எறியக் கற்ற மற்றவர் உழைப்பு அதனினும் குறைந்ததன்று. உயரம் பிறவியில் வருவது. அதனைப் பயன்கொள்ளும் எறிதல் பயிற்சியில் வருவது. உயரமில்லா அணிக்கோ பயிற்சியைத் தவிர வேறு புகலில்லை.

1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 1983இன் பின் போர் வளர்ந்தது. மாலை வேளையை நம்பி வாழும் ஒரு விளையாட்டுக்கு ஊரடங்குச் சட்டத்தை விடக் கொடிய பகை வேறில்லை. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது கிழக்கு மாகாணம் கொலையும் இடப்பெயர்வும் மலிந்த நிலமாயிற்று. அப்போது ஹெபர்ட் மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தின் பணிப்பாளராயிருந்தார். இளைஞருக்குத் தொழில் கற்பித்தல் அதன் பணி. அவ்வாண்டு ஓகஸ்ட் 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து தமிழ் இளைஞர் ஒருவருடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்பு நோக்கித் திரும்புகையில் அவர் காணாமற்போனார். ஏறாவூருக்கு அண்மையில் இறுதியாகக் காணப்பட்டார். அவருக்கும் உடன் சென்றவருக்கும் நேர்ந்தது யாதென்பது இன்றுவரை தீர்க்கப்படவில்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்த ஆசிரியர் ஒருவருக்குக் கல்லறையும் இல்லாதுபோயிற்று. அவருடன் கப்பலேறிய மில்லர், அதே ஆண்டில் உருவான மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் பணியாற்றி, காணாமற்போனோரின் பெற்றோர் கூறியவற்றைப் பல்லாண்டுகள் எழுதிப் பதிந்துவந்தார். 2018 முடிந்து 2019 பிறந்த வேளையில் அவரும் மட்டக்களப்பிலேயே காலமானார்.

வியூகங்களைப் பொறுத்தமட்டில், ஹெபர்ட்டுக்கு நேர்ந்த கதி அபிமன்னன் கதைக்கு நேர்மாறானது. இங்கே பாடம் முடிந்திருந்தது, ஆசிரியரே மறைந்தார். அவரிடம் கற்றோர் சிலர் ஆசிரியராகவும் பயிற்றுநராகவும் தம் இளையோருக்குக் கற்பித்தனர். வேறு சிலர் போர் துரத்தக் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றனர். களத்தில் அவருடைய குரலைக் கேட்டு ஓடியவர்களுள் இளையோரும் இன்று ஐம்பதை நெருங்கியோ கடந்தோ உள்ளனர். கூத்தின் ஆட்டக்கோலங்களை அண்ணாவிமாரிடமிருந்து பேராசிரியர் சு. வித்தியானந்தனும் அவர் வழிவந்தோரும் கேட்டும் ஆடச்செய்தும் பதிந்துகொண்டதைப் போல, இவர்களிடமிருந்தும் பெறத்தக்கன பல உள. வியூகம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இவர்கள் சிறிது தயங்குவர். நிலத்தில் ஐந்து கற்களை வைத்துக் கொடுத்தால் எந்தக் கல் எங்கே நகர்ந்தது என்பதைக் கையே காட்டிவிடும்.